இரத்ததானம்: வியாபாரிகளாகிய நமக்கு ஏன் இந்தத் தயக்கம்?

சென்ற மாதம் நமது சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில், சங்கத்தின் சார்பில் ஓர் இரத்ததான முகாம் நடத்தலாமே என்று ஒரு யோசனை வைத்தேன். சரக்கு வரி, குப்பை வரி, நடைபாதைக் கடை என்று அதுவரை காரசாரமாகப் பேசிக் கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அமைதியாகி விட்டது. ஒருவர் செல்போனைப் பார்த்தார். இன்னொருவர் டீ வந்து விட்டதா என்று எட்டிப் பார்த்தார். கடைசியில் மளிகைக்கடைத் தம்பி ஒருவர் மட்டும், "கொடுத்தா திரும்ப ஊறுமா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அத்தனை பேர் மனதிலும் இருந்த கேள்வி அதுதான்.

கோயில் திருப்பணிக்கு என்றால் முதல் ஆளாக ரசீது போடச் சொல்கிறோம். வெள்ளம் வந்தபோது மூட்டை மூட்டையாக அரிசி இறக்கினோம். 2015 டிசம்பரில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் மக்கள் தண்ணீரில் தவித்தபோது, கல்லாவில் கணக்குப் பார்க்காமல் கொடுத்தவர்கள் நம்மில் பலர். அப்படிப்பட்ட நாம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் கையை இழுத்துக் கொள்கிறோம்? அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரி. பல வருடங்களாக இரத்த வங்கிக்காரர்களிடம் கேட்டும், விதிகளைப் படித்தும் தெரிந்து கொண்டவைதான் இவை.

நான் பேரம் பேசிய கதை

முதலில் என் கதையைச் சொல்லி விடுகிறேன். 1987ஆம் வருடம். கொத்தவால்சாவடியில் கணக்குப் பிள்ளையாக இருந்த நான் பல்லாவரத்துக்கு வந்து சிறியதாகக் கடை போட்டிருந்த சமயம். என் மனைவிக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்த பிறகு இரத்தப் போக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் இரத்தம் உடனே வேண்டும் என்றார்கள். வராந்தாவில் என் பக்கமும் அவள் பக்கமுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நர்ஸ் அம்மா வந்து கேட்டு விட்டுப் போன ஐந்தாவது நிமிடம் அதில் பாதிப் பேரைக் காணோம். மீதிப் பேருக்கு ஆளுக்கொரு காரணம்.

நானும் அங்கேதான் இருந்தேன். இருபத்தைந்து வயது. தினமும் மூட்டை புரட்டுகிற உடம்பு. 'நான் தருகிறேன்' என்று எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. டீக்கடையில் நின்ற ஒரு புரோக்கரைப் பிடித்தோம். அவன் ஒரு மெலிந்த ஆளைக் கூட்டி வந்தான். அந்த ஆள் என்னிடம் முதலில் கேட்டது ஒரு டீயும் பன்னும். புரோக்கர் விலை சொன்னான். பழக்கதோஷம், நான் குறைத்துக் கேட்டேன். உள்ளே மனைவி உயிருக்குப் போராடிக் கொண்டிருக்கிறாள். வெளியே நான் மிளகாய் மூட்டைக்குப் பேரம் பேசுவதுபோலப் பேசிக் கொண்டிருந்தேன்.

மனைவி பிழைத்தாள். பணம் கொடுத்தோம், காரியம் முடிந்தது என்று மறந்து விட்டேன். இருபது வருடம் கழித்து, அன்று பிறந்த பையன் கல்லூரியில் நடந்த முகாமில் இரத்தம் கொடுத்து விட்டு, முழங்கையில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தான். "யாரைக் கேட்டுக் கொடுத்தே?" என்று சத்தம் போட்டேன். அவன் கோபப்படவில்லை. "அம்மாவுக்கு அன்னைக்குக் கொடுத்தவர் பேர் என்னப்பா?" என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியாது. அந்த ஆளின் பெயரைக் கூட நான் கேட்டு வைத்துக் கொள்ளவில்லை. அந்த வருடமே முதல் தடவையாக நான் போய்ப் படுத்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தைந்து.

விலைக்கு வாங்குவது ஏன் நின்றது?

இன்றைய இளைஞர்கள் பலருக்கு, ஒரு காலத்தில் இந்த நாட்டில் இரத்தம் விலைக்கு விற்கப்பட்டது என்பதே தெரியாது. வறுமையில் இருந்தவர்களும் போதைக்கு அடிமையானவர்களும் வாரத்துக்கு ஒரு இடம் என்று போய் விற்று வந்தார்கள். பணம் வேண்டும் என்பதால் தனக்கு என்ன நோய் இருக்கிறது என்பதை மறைத்தார்கள். போன வாரம்தான் கொடுத்தேன் என்பதையும் மறைத்தார்கள்.

1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி கண்டுபிடிக்கப்பட்டது நமது சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் சேர்ந்து செய்த வேலை அது. நம் பக்கத்துத் தாம்பரம் சானடோரியம், காசநோய்க்காக 1928இல் டாக்டர் சவரிமுத்து தொடங்கியது; 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளும் அங்கே கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். அந்த நோய் பரவும் வழிகளில் சோதிக்காத இரத்தமும் ஒன்று என்று தெரிந்ததும் பயம் பிடித்துக் கொண்டது.

1990இல் நாட்டின் இரத்த வங்கிகளைப் பற்றி மத்திய அரசுக்காக ஓர் ஆய்வு நடந்தது. அதில் வெளிவந்த குறைகளை வைத்து, டில்லியில் எச்.டி. ஷோரி நடத்தி வந்த 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஜனவரி 4ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தேசிய அளவிலும் மாநில அளவிலும் குருதிப் பரிமாற்றுக் குழுமங்கள் அமைக்க வேண்டும், உரிமம் இல்லாத இரத்த வங்கிகள் இயங்கக் கூடாது, பணத்துக்கு இரத்தம் கொடுக்கும் முறையை இரண்டு வருடத்துக்குள் ஒழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரம் சட்டப்படி நின்றது.

வியாபாரிகளாகிய நாம் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமது தொழிலில் விலையைக் கூட்டினால் நல்ல சரக்கு தேடி வரும். இரத்தத்தில் அது தலைகீழ். விலை வைத்தால் பொய் சொல்ல வேண்டிய அவசியம் உள்ளவர்தான் முதலில் வருவார், கலப்படம் கூடும். இதைத்தான் இங்கிலாந்தில் ரிச்சர்டு டிட்மஸ் என்ற பேராசிரியர் 1970இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அமெரிக்காவில் பணத்துக்கு வாங்கிய இரத்தத்தையும், இங்கிலாந்தில் தானமாக வந்த இரத்தத்தையும் ஒப்பிட்டு, தானமாக வருவதே பாதுகாப்பானது என்று காட்டினார். விலை போட்டால் தரம் கெடும் சரக்கு உலகத்தில் உண்டு என்றால் அது இதுதான்.

அப்படியானால் இரத்த வங்கியில் பணம் வாங்குகிறார்களே என்று கேட்பீர்கள். பை, பரிசோதனை, குளிர்பதனம், ஆள் கூலி ஆகியவற்றுக்கான செயலாக்கக் கட்டணம் அது. அந்தக் கட்டணம் தவிர வேறு எதுவும் இரத்தத்துக்கு வாங்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2023 டிசம்பர் கடைசியில் மறுபடியும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. யாராவது மீறினால் ரசீது கேட்டு வாங்கிப் புகார் செய்யலாம். எங்கோ ஒருவர் எடையில் ஏமாற்றுகிறார் என்பதற்காக ஊரே சாமான் வாங்காமல் இருப்பதில்லை அல்லவா?

பருப்பு மூட்டை அல்ல, கீரைக்கட்டு

இரத்தத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. வாங்கி அடுக்கியும் வைக்க முடியாது. நாம் கொடுக்கும் இரத்தத்தைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரிக்கிறார்கள். சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில், பையில் உள்ள மருந்துக் கரைசலைப் பொறுத்து 35 நாள் அல்லது 42 நாள் வைக்கலாம். தட்டணுவை அறைக் குளிர்ச்சியில் ஆட்டிக் கொண்டே இருக்க வேண்டும். அதன் ஆயுள் 5 நாள்தான். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம் தாங்கும். ஆக, பருப்பு மூட்டை போல ஸ்டாக் வைக்கிற சரக்கு அல்ல, ஏறக்குறைய கீரைக்கட்டு. தினமும் வரத்து இருந்தால்தான் தினமும் கடை நடக்கும்.

இதில்தான் நாம் தவறுகிறோம். ஒரு தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் பல நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். போட்டோ பிடிக்கிறார்கள். அவ்வளவையும் வைக்க இடம் இருக்காது. சில பைகள் பயன்படாமலே காலாவதியாகும். அடுத்த மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். காலாவதித் தேதி பார்த்துச் சரக்கு எடுக்கத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தட்டுப்பாடு எப்போது வருகிறது என்றும் பாருங்கள். முகாம்களில் அதிகம் கொடுப்பவர்கள் கல்லூரி மாணவர்கள். தேர்வும் விடுமுறையும் வருகிற ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் வர மாட்டார்கள். ஆனால் பிரசவம் விடுமுறை பார்ப்பதில்லை. ஜி.எஸ்.டி. சாலை விபத்தும் விடுமுறை பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் டெங்கு பெருகினால் தட்டணுவுக்கு அலைகிறார்கள். மாதாமாதம் இரத்தம் ஏற்றினால்தான் உயிர்வாழும் தலசீமியாக் குழந்தைகளுக்கு எல்லா மாதமும் ஒன்றுதான்.

நாம் சொல்லும் காரணங்கள்

"கொடுத்தால் ஊறுமா?" வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. எடுப்பது 350 மில்லி. 55 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களிடம் 450 மில்லி வரை எடுக்கலாம். நீர்ப்பகுதி ஒன்றிரண்டு நாளில் நிரம்பி விடும். சிவப்பணு சில வாரங்களில் ஊறும். நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள்தான். பழையது போய்ப் புதியது வந்து கொண்டேதான் இருக்கிறது. இருந்தாலும் உடம்பின் இரும்புச்சத்து இருப்பு சேர வேண்டும் என்பதால்தான் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருக்கிறார்கள்.

"எனக்குச் சர்க்கரை, பிரஷர் இருக்கிறதே?" கல்லாவில் உட்கார்ந்தே இருக்கும் நமக்கு இது பொதுச் சொத்து. ஆனால் இதுவே தடை அல்ல. தேசியக் குருதிப் பரிமாற்றுக் குழுமம் 2017இல் வகுத்த விதிப்படி, மாத்திரையால் சர்க்கரை கட்டுக்குள் இருந்து, கடந்த நான்கு வாரத்தில் மருந்து மாறாமல், உறுப்புப் பாதிப்பும் இல்லாதவர் கொடுக்கலாம். இன்சுலின் போட்டுக் கொள்பவர் கொடுக்கக் கூடாது. இரத்த அழுத்தம், மாத்திரை சாப்பிட்டாலும் சரி, மேல் எண் 100 முதல் 140க்குள்ளும், கீழ் எண் 60 முதல் 90க்குள்ளும் இருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். விரதம் இருப்பவரும், இரவு முழுக்கக் கண்விழித்தவரும் அன்று கொடுக்கக் கூடாது. கோயம்பேட்டுக்கு நள்ளிரவில் லோடு எடுக்கப் போய் வருபவர்கள் இதைக் கவனிக்கவும்.

"ஊசியால் நமக்கு நோய் வந்தால்?" ஊசியும் பையும் ஒருவருக்கு ஒன்று; முடிந்ததும் அழித்து விடுவார்கள். கொடுப்பவருக்கு அதனால் எந்தக் கிருமியும் வர வழியில்லை. சிலருக்குச் சற்றுத் தலை சுற்றும். கொஞ்ச நேரம் படுத்திருந்தால் சரியாகி விடும்.

"சொந்தக்காரனுக்கு என்றால் தருவேன்." இது நல்ல எண்ணம்தான். ஆனால் இரத்தச் சொந்தம் என்பதால் பொருத்தம் கூடுவதில்லை. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டுபிடித்த பிறகு வகைதான் கணக்கு. ஜாதியும் இல்லை, சொந்தமும் இல்லை. மிக நெருங்கிய உறவினரின் இரத்தத்தில் அரிதாக வேறொரு ஆபத்தும் உண்டு என்பதால், கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்றுவார்கள். அதுமட்டுமல்ல, சொந்தக்காரர் படுத்திருக்கும்போது எல்லோரும் பார்க்க வந்து நிற்பவர், தன் உடம்பில் உள்ள குறையை வெளியே சொல்லக் கூசுவார்.

இந்த இடத்தில் 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர். உறவினருக்காகக் கொடுத்த இரத்தம் அது. முன்பு ஒரு முகாமில் கொடுத்தபோதே கிருமி இருப்பது தெரிந்தும், அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. உடனே அவரே ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் சொன்னார். அதற்குள் ஏற்றி விட்டார்கள். மனம் தாங்காமல் அந்தப் பையன் உயிரை விட்டு விட்டார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

அந்தச் செய்தி வந்த பிறகு 'பார்த்தீர்களா, இதனால்தான் வேண்டாம் என்கிறோம்' என்றார்கள் பலர். எனக்கு வேறு விதமாகத் தோன்றியது. ஒவ்வொரு பையிலும் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, பால்வினை நோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்பவர் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று அந்தச் சம்பவம் காட்டியது. பரிசோதனை சரியாகச் செய்தாலும் புதிதாகத் தொற்றிய கிருமி சில நாள் கண்ணுக்குத் தப்பும். ஆகவே கொடுப்பவர் வாயிலிருந்து வரும் உண்மைதான் முதல் காவல். படிவத்தில் உள்ள கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத காரணம் இருந்தால் பேசாமல் எழுந்து வந்து விட வேண்டும். எழுந்து வருபவரை ஏன் என்று நாமும் கேட்கக் கூடாது. வெட்கமில்லாமல் விலகிக் கொள்ள வழி இருந்தால்தான் தானம் சுத்தமாக இருக்கும்.

நம் கடைப் பையன்களும் சுமை தூக்குபவர்களும்

இன்னொரு தவறையும் ஒப்புக் கொள்கிறேன். பல வருடம் முன்பு என் குடோனில் மூட்டை தூக்கும் ஒருவர், தெருமுனை முகாமில் இரத்தம் கொடுத்து விட்டு வந்து, இன்று மட்டும் தூக்க முடியாது முதலாளி என்றார். லாரி நிற்கிறது. அன்றைய கூலியைப் பிடித்துக் கொண்டேன். பிறகுதான் விதியைப் படித்தேன். கடினமான உடலுழைப்பு உள்ளவர்களும், தொலைதூர வண்டி ஓட்டுபவர்களும் கொடுத்த பிறகு குறைந்தது 24 மணி நேரம் அந்த வேலையைச் செய்யக் கூடாது. அவர் சொன்னது சோம்பல் அல்ல, சட்டம். மத்திய அரசு ஊழியருக்கு இரத்தம் கொடுக்கும் நாளில், வருடத்துக்கு நான்கு முறை வரை, சம்பளத்தோடு சிறப்பு விடுப்பு உண்டு. நம்மிடம் இருப்பவருக்கு நாம் கொடுத்தால்தான் உண்டு.

அதே சமயம், 'நம்ம சங்கத்து முகாம், எல்லோரும் போய்ப் படுங்கடா' என்று முதலாளி அதட்டுவதும் கூடாது. பயந்து கொடுப்பதும் பணத்துக்குக் கொடுப்பதும் ஒன்றுதான். இரண்டிலும் உண்மை வராது. கூட்டத்தில் ஒருவர், ஆளுக்கொரு வெள்ளிக்காசு கொடுத்தால் கூட்டம் வரும் என்றார். வேண்டாம். ஒரு டீ, பிஸ்கட், ஒரு சான்றிதழ் போதும்.

செய்ய வேண்டியது

சங்கத்துக்கு என் யோசனைகள் இவை.

1. மே 5 வணிகர் தினத்தை ஒட்டி நமது முகாமை வைப்போம். மாணவர்கள் இல்லாத மாதம் அது, தேவை அதிகம். அன்று கடையும் அடைத்திருக்கும். மாநாட்டுக்குப் போகிறவர்களுக்காக முந்தின ஞாயிற்றுக்கிழமை வைத்தாலும் சரி.

2. முகாமுக்கு முன் உரிமம் பெற்ற இரத்த வங்கியிடம், எத்தனை பை உங்களால் பயன்படுத்த முடியும் என்று கேட்டு, அந்த எண்ணிக்கையோடு நிறுத்திக் கொள்வோம். ஆர்டர் இல்லாமல் சரக்கு இறக்க வேண்டாம்.

3. மீதிப் பேரைப் பேரேட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு தெரு என்று முறை வைப்போம். வெள்ளிக்கிழமை சந்தை நடப்பதால் அந்த நாள் மட்டும் வேண்டாம்.

4. கொடுக்கும் ஊழியருக்கு அன்றும், சுமை தூக்குபவர் என்றால் மறுநாளும், சம்பளத்தோடு ஓய்வு.

5. வீட்டுப் பெண்களையும் கேட்போம். இரத்தசோகை இருந்தால் சோதனையில் தெரிந்து விடும். கொடுக்க முடியாவிட்டாலும் வைத்தியம் பார்த்துக் கொள்ள அது ஒரு வழி.

முதல் தடவை கொடுப்பவர் 60 வயதுக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்து வருபவர் 65 வரை கொடுக்கலாம். எனக்கு இப்போது 63. இன்னும் இரண்டு வருடம், ஆறேழு தடவைதான் எனக்கு வாய்ப்பு. இருபத்தைந்து வயதில் தொடங்கியிருந்தால் எத்தனையோ பேருக்கு ஆகியிருக்கும். அந்தக் கணக்கில் எனக்கு நஷ்டம்தான். உங்களில் பலருக்கு முப்பது, நாற்பது வயதுதான் ஆகிறது. என்னைப் போலக் காலம் கடத்த வேண்டாம்.

ஊறுமா என்று கேட்ட தம்பிக்கு: ஊறும். மே மாதம் முகாமில் பக்கத்துக் கட்டிலில் நான் படுத்திருப்பேன், பயப்படாமல் வாருங்கள்.